பாய்மரத்தில் தோன்றும் வெடிப்புகளும் அவற்றைச் செப்பனிடும் முறைகளும்

பாய்மரத்தில் ஒரு வெடிப்பு கண்ணிற்பட்டதும் இருவகைத் தவறுகளுள் ஒன்றைச் செய்வது படகுக்காரர்களிடையே இயல்பாகும். சிலர், மரம் கெட்டுவிட்டதெனக் கருதி, இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடிய பாய்மரத்தைக் கழித்து விறகாக்கிவிடுவர். வேறு சிலர், கைக்குக் கிடைத்த பூச்சு எதையேனும் வெடிப்பில் அடைத்து, அதன்மேல் வண்ணம் தீட்டிக் கடலுக்குச் சென்றுவிடுவர். முன்னதால் பொருளும், வளர்வதற்குப் பல பத்தாண்டுகள் பிடித்த நல்ல மரமும் வீணாகின்றன. பின்னதால் உயிருக்கே ஊறு நேரலாம். வலுக்குன்றிய பாய்மரம் கரையில் முறிவதில்லை. காற்று மிகுந்து, கரை தொலைவிலிருக்கும் வேளையில்தான் முறிகிறது.

இவ்விரு தவறுகளுக்கும் அடிப்படை ஒன்றே. எல்லா வெடிப்புகளும் ஒரே தன்மையுடையவை என்று எண்ணுவதே அது. உண்மையில், மரத்தின் இழைகளுக்கு இணையாக நெடுக்கே ஓடும் வெடிப்பு, பார்வைக்கு அச்சமூட்டினும், பெரும்பாலும் தீங்கற்றது. இழைகளுக்குக் குறுக்கே மயிரிழைபோல் காணும் கோடு, பார்வைக்கு அற்பமாயிருப்பினும், மிகுந்த ஆபத்தை உடையது. ஆகவே செப்பனிடும் வேலையில் முதற்படி, உளியைக் கையில் எடுப்பதன்று. வெடிப்பு எவ்வகையது என்று தெரிந்துகொள்வதேயாகும்.

இந்தியக் கடற்கரைகளில் சரக்கேற்றிச் செல்லும் பெரிய நாட்டுக்கப்பல்கள் இயந்திரத்திற்கு மாறிவிட்டன. எனினும் சிற்சில கடலோரங்களிலும் ஏரிகளிலும் பாய்கட்டிச் செல்லும் சிறு படகுகள் இன்றும் உள்ளன. 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டப்பெற்ற ‘கௌண்டின்யா’ என்னும் பாய்க்கப்பல் இந்தியக் கடற்படையில் சேர்க்கப்பெற்றது. எனவே பாய்மரத்தைப் பேணும் அறிவு பழங்கதையாகிவிடவில்லை. மேலும், கீழே கூறப்படும் விதிகள் கொடிக்கம்பம், வீட்டுத்தூண், ஏர்க்கால் முதலிய எல்லா மரக்கழிகளுக்கும் பொருந்துவனவாகும்.

மரம் வெடிப்பதன் காரணம்

மரம் நுண்ணிய குழல்கள் போன்ற இழைகளின் தொகுதியாகும். அண்மையில் வெட்டிய மரத்தில் நீர் இரண்டு இடங்களில் தங்கியிருக்கும். குழல்களின் உட்புறத்தில் உள்ளது ஒரு பகுதி. குழல்களின் சுவர்களிலேயே ஊறியிருப்பது மற்றொரு பகுதி. மரம் உலரும்போது முதலில் குழல்களிலுள்ள நீர் வெளியேறுகிறது. இதனால் எடை குறையுமேயன்றி மரத்தின் அளவு மாறுவதில்லை. நீரின் அளவு, முற்றும் உலர்ந்த மரத்தின் எடையில் ஏறத்தாழ 30 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கிய பின்னரே சுவர்களிலுள்ள நீர் வெளியேறத் தொடங்குகிறது. அப்பொழுதுதான் மரம் சுருங்குகிறது.

இச்சுருக்கம் எல்லாத் திசைகளிலும் ஒரே அளவினதன்று. மரத்தின் நீளத்தில் அது புறக்கணிக்கத்தக்க அளவே நிகழ்கிறது. நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரத்திசையில் ஓரளவு நிகழ்கிறது. வளர்ச்சி வளையங்களைச் சுற்றிச் செல்லும் திசையிலோ ஆரத்திசையைப்போல் ஏறத்தாழ இருமடங்கு நிகழ்கிறது. மிகக் குறைவாகச் சுருங்கும் மரங்களுள் ஒன்றான தேக்கிலும், பச்சை மரம் முற்றும் உலரும்போது, ஆரத்திசையில் சுமார் 2.5 விழுக்காடும் சுற்றுத் திசையில் சுமார் 5.8 விழுக்காடும் சுருக்கம் ஏற்படுகிறது.

இதன் விளைவை ஓர் எளிய கணக்கால் அறியலாம். 20 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, நடுப்பகுதி நீக்கப்படாத தேக்குக் கழியொன்று 15 விழுக்காடு ஈர அளவுக்கு உலர்வதாகக் கொள்வோம். அப்பொழுது மேற்கூறிய சுருக்கங்களில் பாதி நிகழ்ந்திருக்கும். இரு திசைகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு 1.65 விழுக்காடாகும். கழியின் சுற்றளவு ஏறத்தாழ 63 சென்டிமீட்டர். இதில் 1.65 விழுக்காடு என்பது சுமார் 10 மில்லிமீட்டர். அதாவது, கழியைச் சுற்றிவரப் போதிய மரம் 10 மில்லிமீட்டர் குறைந்துபோகிறது. இக்குறை வெடிப்பாக வெளிப்பட்டே தீரும். ஒரே வெடிப்பாயின் அது விரல் நுழையும் அகலத்தினதாக இருக்கலாம். பலவாயின் ஒவ்வொன்றும் மெல்லியதாக இருக்கும். உருண்டையான முழுக்கழியில் வெடிப்பு தோன்றுதல் குறையன்று, மரத்தின் இயற்கை.

இவ்வெடிப்பு வெளிப்புறத்தில் அகன்றும், நடுவை நோக்கிச் செல்லச் செல்லக் குறுகியும் இருக்கும். நடுவை அடைந்ததும் நின்றுவிடும். மழைக்காலத்தில் மூடிக்கொண்டு கோடையில் திறப்பதும் இதன் இயல்பு. காற்றின் ஈரப்பதம் 40 விழுக்காடாயிருக்கும் வறண்ட பருவத்தில் மரத்தின் ஈர அளவு சுமார் 8 விழுக்காட்டை நோக்கி இறங்கும். ஈரப்பதம் 90 விழுக்காட்டை அடையும் மழைக்காலத்தில் சுமார் 20 விழுக்காட்டை நோக்கி ஏறும். கட்சு வளைகுடாப் பகுதியைப்போல வறண்ட காலமும் மழைக்காலமும் மாறிமாறி வரும் கரைகளில் வெடிப்புகள் ஆண்டுதோறும் இவ்வாறு திறந்து மூடுவதைக் காணலாம்.

தீங்கற்றனவும் தீங்குடையனவும்

காற்று பாயைத் தள்ளும்போது பாய்மரம் வளைகிறது. காற்றுக்கு எதிர்ப்பட்ட பக்கத்து இழைகள் இழுக்கப்படுகின்றன. மறுபக்கத்து இழைகள் நெருக்கப்படுகின்றன. இவ்விரு விசைகளும் இழைகளின் நீளவாக்கில் செயற்படுவதால், நெடுக்கே ஓடும் மேலோட்டமான வெடிப்பு அவற்றை அறுப்பதில்லை. இழைகள் அடிமுதல் நுனிவரை முழுமையாக உள்ளவரை பாய்மரத்தின் வலுவில் பெருங்குறை நேர்வதில்லை.

ஆயினும் நெடுக்கு வெடிப்பும் மூன்று நிலைகளில் தீங்காக மாறுகிறது. முதலாவது, எதிரெதிர்ப் பக்கங்களிலுள்ள இரு வெடிப்புகள் நடுவிற் சந்தித்து, கழியை இரண்டாகப் பிரித்துவிடுவது. அப்பொழுது அது ஒரே கழியாக நில்லாமல் ஒன்றன்மேலொன்று வழுக்கும் இரு பாதிகளாகிவிடும். வளைவின் திசையைப் பொறுத்து அதன் வலு பாதிக்கும் கீழே குறைந்துவிடக்கூடும். இரண்டாவது, வெடிப்பு நேராக ஓடாமல் கழியைச் சுற்றித் திருகிச் செல்வது. வெடிப்பு எப்பொழுதும் இழையோட்டத்தையே பின்பற்றுமாதலால், திருகிய வெடிப்பு அம்மரத்தின் இழைகளே சாய்ந்திருப்பதைக் காட்டுகிறது. பத்துக்கு ஒன்று என்னும் சாய்வில் வளைவைத் தாங்கும் வலு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைகிறது. ஐந்துக்கு ஒன்றாயின் கிட்டத்தட்டப் பாதி போய்விடுகிறது. இத்தகைய மரத்தை எந்தப் பசையாலும் திருத்த இயலாது. மூன்றாவது, மழைநீர் தங்கி மரம் உளுத்துப்போவது.

இழைகளுக்குக் குறுக்கே தோன்றும் நெரிவு இவற்றினும் கொடியது. மரம் இழுவிசையைத் தாங்கும் அளவுக்கு நெருக்குவிசையைத் தாங்குவதில்லை. ஆகையால் பாய்மரம் அளவுக்கு மீறி வளைந்தபோது, நெருக்கப்பட்ட பக்கத்திலேயே இழைகள் முதலில் மடங்குகின்றன. அங்கே தோலின் சுருக்கம் போன்ற மெல்லிய குறுக்குக் கோடு தோன்றும். மரம் நிமிர்ந்த பின்னரும் அக்கோடு மறைவதில்லை. அன்றைய பயணத்தில் யாதொரு தீங்கும் நேராமற் போகலாம். ஆனால் படகு திரும்பிக் காற்று மறுபக்கத்திலிருந்து வீசும்போது, மடங்கிய அந்த இழைகளே இழுவிசையைத் தாங்கவேண்டியவையாகின்றன. அவை முன்னறிவிப்பின்றி, கிழங்கு முறிவதுபோல் முறிந்துவிடும்.

ஆய்வு செய்யும் முறை

பாய்மரத்தைப் படகிலிருந்து கழற்றி, நிழலில், ஒரே மட்டத்தில் வைத்த பல கட்டைகளின்மேல் கிடத்துதல் வேண்டும். பழைய வண்ணத்தைச் சுரண்டி நீக்கிய பிறகு, மூன்று இடங்களைத் தனிக் கவனத்துடன் நோக்குதல் அவசியம். படகின் குறுக்குப் பலகை பாய்மரத்தைப் பிடித்திருக்கும் இடம் ஒன்று. தாங்குகயிறுகளற்ற பாய்மரத்தில் வளைவுவிசை இங்கேதான் மிகுதி. உச்சியில் கப்பிக்காகத் துளையிட்ட இடம் மற்றொன்று. அடிமுனை குழியிற் பொருந்தும் இடம் மூன்றாவது. மழைநீர் இங்கே தேங்கும்.

குறுக்கு நெரிவைக் காண, காலை அல்லது மாலை வெயில் சாய்வாக விழும்படி மரத்தை உருட்டிப் பார்க்கவேண்டும். நேர் ஒளியில் மறைந்திருக்கும் கோடு சாய்ந்த ஒளியில் நிழல் காட்டும். வெடிப்பின் ஆழத்தை மெல்லிய எஃகுத் தகட்டைச் செருகி அளக்கலாம். உளுத்தலைக் கூரிய குத்தூசியால் அறியலாம். நல்ல மரத்தில் ஊசி சிறிதளவே இறங்கி, பெயர்க்கும்போது நீண்ட சிம்பு கிளம்பும். உளுத்த மரத்தில் ஊசி எளிதில் இறங்கி, பெயர்க்கும்போது மரம் குட்டையாக உதிரும். வெடிப்பின் இருபுறமும் ஒவ்வொரு கோடு இட்டு, இடைவெளியை அளந்து தேதியுடன் குறித்துவைத்தல் நன்று. சில வாரங்கள் கழித்து மீண்டும் அளந்தால், வெடிப்பு வளர்கிறதா, பருவத்தோடு திறந்து மூடுகிறதா, அல்லது நிலைத்துவிட்டதா என்பது விளங்கும்.

மேலோட்டமான வெடிப்புகள்

நேராக ஓடி, நடுவைத் தாண்டாத வெடிப்பிற்குத் தேவைப்படுவது வலுவன்று; நீர் புகாத காப்பே. வெடிப்பிலுள்ள தூசியையும் பழைய அடைப்பையும் நீக்கி, மரம் நன்கு உலர்ந்திருக்கையில் ஆளிவிதை எண்ணெயைப் பலமுறை ஊறவிட வேண்டும். பின்னர், தேன்மெழுகும் எண்ணெயும் கலந்த மென்கலவையையோ, குங்கிலியத்தை எண்ணெயில் உருக்கிய கலவையையோ தளர்வாக நிரப்பலாம். குங்கிலியக் கலவை இந்தியப் படகு கட்டுவோர் பலகை இடுக்குகளில் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவதாகும். மரம் விரியும்போது இக்கலவை பிதுங்கி வெளிவரும். அதனை வழித்துவிட்டாற் போதுமானது. எண்ணெய் தோய்ந்த துணிகளைக் குவித்து வைத்தலாகாது. ஆளிவிதை எண்ணெய் காற்றுடன் சேர்ந்து உலரும்போது வெப்பம் உண்டாவதால், குவியல் தானே தீப்பற்றக்கூடும். துணிகளை விரித்து உலர்த்துக. அல்லது நீரில் அமிழ்த்துக.

கோடையில் அகலத் திறந்த வெடிப்பைக் கடினமான பசையாலோ மரத்தூளும் பிசினும் சேர்ந்த கலவையாலோ இறுக அடைப்பது பலரும் செய்யும் தவறாகும். மழைக்காலத்தில் மரம் விரியும்போது வெடிப்பு மூடுவதற்கு இடமிராது. அடைப்பு ஓர் ஆப்பாக மாறி, வெடிப்பை மேலும் உள்ளே பிளக்கும். அல்லது வெடிப்பின் ஓரங்கள் நசுங்கி, அடுத்த கோடையில் அடைப்பின் இருபுறமும் புதிய இடைவெளிகள் தோன்றும். இரும்புப் பட்டை அடிப்பதும் இத்தகையதே. வெடிப்பு திறக்கும் கோடையில் மரம் சுருங்குவதால், பட்டை வேண்டிய காலத்திலேயே தளர்ந்துவிடும். அதன் அடியில் நீர் தேங்கி, இரும்பின் துரு மரத்தையும் அரிக்கும். குறுக்கே ஆணியோ திருகோ செலுத்தினால், முழுமையாயிருந்த இழைகள் அறுபடும்.

சிம்பு பதித்தல்

வெடிப்பு ஆழமாயிருந்து, ஆனால் மரம் பழகி, அளவுக் குறிப்பில் மாறுதல் காணாத நிலையை அடைந்திருந்தால், அதில் மரச்சிம்பைப் பதிக்கலாம். இவ்வேலையை எண்ணெய் ஊட்டுவதற்கு முன்னரே தீர்மானித்தல் வேண்டும்; எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது. வெடிப்பின் ஓரங்களை நேராகவும் தூய்மையாகவும் செதுக்கி, அதே இன மரத்தில், அதே இழையோட்டத்தில், ஏறத்தாழ அதே ஈர அளவில் சற்றே ஆப்பு வடிவான சிம்பைத் தயாரிக்கவேண்டும். பசை தடவி மெல்ல அழுத்திச் செருகுக. சுத்தியால் ஓங்கி அடித்தலாகாது. சிம்பு சற்று மேலெழும்பி நிற்குமாறு விட்டு, பசை இறுகிய பின் இழைப்புளியால் மட்டம் செய்யலாம்.

இழைப்பில் அளவு மீறலாகாது. உருண்டைக் கழியின் வலு அதன் குறுக்களவின் மும்மடிக்கு ஏற்ப அமைகிறது. குறுக்களவில் பத்திலொரு பங்கு குறைந்தால் வலுவில் ஏறத்தாழ 27 விழுக்காடு போய்விடும். அழகுக்காக இழைத்துத் தள்ளப்படும் மரம், வெடிப்பினால் நேர்ந்த இழப்பைவிடப் பெரிய இழப்பை உண்டாக்கக்கூடும்.

சேதமுற்ற பகுதியை வெட்டி இணைத்தல்

குறுக்கு நெரிவும் உளுத்தலும் அடைப்பினால் தீர்வன அல்ல. சேதமுற்ற பகுதியை முழுமையாக நீக்கிப் புதுமரம் இணைப்பதே வழி. உளுத்தலை உண்டாக்கும் பூஞ்சை கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டியும் பரவியிருக்குமாதலால், இழையின் நீளவாக்கில் மேலும் அரை மீட்டரளவாவது நல்ல மரத்தையும் சேர்த்து வெட்டுதல் வேண்டும்.

முனையோடு முனை வைத்து ஒட்டிய இணைப்புக்கு வலு இல்லை எனலாம். இரு துண்டுகளையும் நீண்ட சாய்வாகச் சீவி, சாய்ந்த முகங்களை ஒன்றோடொன்று பொருத்தி ஒட்டவேண்டும். பாய்மரத்திற்குச் சாய்வு பன்னிரண்டுக்கு ஒன்றாக இருப்பது தகும். 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கழிக்கு இணைப்பின் நீளம் 180 சென்டிமீட்டராகும். இவ்வாறு நன்கு செய்த இணைப்பு முழுமரத்தின் வலுவில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கைப் பெறும். நீளத்தைச் சுருக்கினால் வலுவும் சுருங்கும்.

இதற்கேற்ற பசைகள் இரண்டு. ரிசார்சினால் பசை நீருக்கும் வெயிலுக்கும் நன்கு தாங்கும். ஆனால் முகங்கள் இடைவெளியின்றிப் பொருந்தியிருக்கவேண்டும், கிளாம்புகளால் வலுவாக இறுக்கவும் வேண்டும். எப்பாக்ஸி பிசின் சிறு இடைவெளிகளையும் நிரப்பும். மென்மையாகப் பிடித்தாற் போதும். இதனை மிகையாக இறுக்கினால் பிசின் முழுவதும் பிதுங்கி வெளியேறி இணைப்பு வறண்டுவிடும். சாதாரண எப்பாக்ஸி 50 அல்லது 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். கருநிறம் தீட்டிய மரம் நம் நாட்டு வெயிலில் அவ்வளவு சூடேறக்கூடுமாதலால், எப்பாக்ஸியால் ஒட்டிய பாய்மரத்திற்கு வெளிர்நிற வண்ணமே ஏற்றது. சூரிய ஒளி படும் எப்பாக்ஸி நாளடைவில் சிதையும். அதனை வண்ணத்தாலோ வார்னிஷாலோ மூடுதல் வேண்டும். வேலை செய்வோர் கையுறை அணிதல் அவசியம்.

கடலில் நேரும் முறிவு

பயணத்தின் இடையே நெரிவோ முறிவோ கண்டால், உடனே பாயை இறக்கிச் சுமையைக் குறைத்தல் வேண்டும். பின்னர், துடுப்புத்தண்டு, மூங்கில் போன்ற துணைக்கழிகளை, சேதமுற்ற இடத்திற்கு மேலும் கீழும் நீண்டிருக்குமாறு மரத்தைச் சுற்றி நிறுத்தி, கயிற்றைப் பல இடங்களில் நெருக்கமாகச் சுற்றவேண்டும். கயிற்றினுள் ஒரு குச்சியைச் செருகித் திருகினால் கட்டு மேலும் இறுகும். முறிந்த காலுக்கு வைத்தியர் பத்தை வைத்துக் கட்டுவது போன்றதே இம்முறை. இது கரை சேர்வதற்கு மட்டுமே உரிய ஏற்பாடு. சிறிய பாயுடன் மெதுவாகத் திரும்பவேண்டுமேயன்றித் தொழிலைத் தொடர்தல் கூடாது.

வருமுன் காத்தல்

நல்ல மரத்தைத் தேர்ந்தெடுத்தல் முதற் காப்பு. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வளரும், புன்னையினத்தைச் சேர்ந்த நெட்டை மரங்கள் நேரான இழையோட்டத்திற்காகப் பாய்மரங்களுக்கென நாடப்பெற்றவை. எம்மரமாயினும் பச்சையாக வெயிலில் கிடத்தினால் மேற்புறம் விரைந்து உலர்ந்து ஆழமாக வெடிக்கும். நிழலில் மெதுவாக உலர்த்தி, இரு முனைகளிலும் மெழுகோ தடித்த வண்ணமோ பூசுதல் வேண்டும். முனைகளின் வழியே நீர் மிக விரைவாகச் செல்வதே இதற்குக் காரணம். உச்சியை ஒரு மூடியால் மறைப்பதும், அடிக்குழியில் நீர் வடியத் துளையிடுவதும் பயன் தருவன. பூஞ்சைகள் வளர மரத்தின் ஈர அளவு 20 விழுக்காட்டிற்கு மேலிருத்தல் வேண்டும். நீர் வடிந்து உலரும் மரம் உளுப்பதில்லை. கடல்நீரைவிட மழைநீரே பாய்மரத்திற்குப் பகை என்பதை நினைவிற்கொள்ளவேண்டும்.

மரக்காப்பு மருந்துகளுள் உலகெங்கும் பரவிய செம்பு-குரோமியம்-ஆர்சனிக் கலவை, டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசன் என்னும் இந்திய அறிஞரால் 1933-ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்டதாகும். ஆர்சனிக் நஞ்சாதலால், கையால் அடிக்கடி தொடும் மரங்களுக்கு இதனைப் பயன்படுத்துவது இப்பொழுது பல நாடுகளில் தவிர்க்கப்படுகிறது. இம்மருந்து ஏற்றிய பழைய மரத்தைச் செதுக்கும்போது தூள் மூச்சில் செல்லாமற் காத்துக்கொள்ளவேண்டும். அதன் சீவல்களை அடுப்பில் எரித்தல் ஒருபோதும் கூடாது.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனை

அண்மையில் வெட்டிய கிளையிலிருந்து ஒரு விரற்கடை தடிப்புள்ள இரு வட்டத்துண்டுகளை அறுத்தெடுக்கவேண்டும். ஒன்றை அப்படியே விட்டு, மற்றொன்றில் விளிம்பிலிருந்து நடுவரை வாளால் ஒரு வெட்டு இடுக. இரண்டையும் எடைபோட்டு உலர வைத்தால், முன்னது தான் விரும்பிய இடத்தில் வெடிக்கும். பின்னதில் வாள்வெட்டே ஆப்பு வடிவில் அகலும். சுற்றுத் திசையில் மரம் மிகுதியாகச் சுருங்குவதை மாணவர்கள் கண்ணாரக் காண்பர். எடை குறைவதைக் கொண்டு ஈர அளவையும் கணக்கிடலாம். 120 கிராம் துண்டு முற்றும் உலர்ந்தபின் 100 கிராம் ஆனால், இழந்த 20 கிராமை உலர்ந்த எடையால் வகுக்க, ஈர அளவு 20 விழுக்காடு என வரும். உலர்ந்த துண்டுகளை நீரில் இட்டால் வெடிப்பு மீண்டும் மூடுவதையும், கடினமான பசையால் முன்னரே அடைத்த வெடிப்பு மூட இயலாமல் நிற்பதையும் ஒப்பிட்டுக் காட்டலாம்.

சுருங்கக் கூறின், நெடுக்கு வெடிப்புக்கு எண்ணெயும் மென்கலவையும். நிலைத்துவிட்ட ஆழ்வெடிப்புக்கு மரச்சிம்பு. குறுக்கு நெரிவுக்கும் உளுத்தலுக்கும் சாய்வு இணைப்பு. திருகிய இழைக்கும் நடுவே பிளந்துபோன கழிக்கும் பாய்மர வேலையிலிருந்து ஓய்வு. களப்பணியாளர்கள் படகுத்துறைகளுக்குச் செல்லும்போது, ஓர் எஃகுத் தகடு, ஒரு குத்தூசி, ஓர் அளவுகோல் ஆகியவற்றை உடன் எடுத்துச் சென்று, படகுக்காரரையும் அருகில் வைத்துக்கொண்டு பாய்மரத்தைச் சோதித்தல் நலம். பருவக்காற்று தொடங்குவதற்கு முன் ஒரு காலைப்பொழுது இதற்குப் போதும்.